மரத்தைப் பார்க்கத்தான் வேண்டும்

பனிச்சறுக்கில் ஓரளவு தேறிய ஒருவர், சீராக்கிய தடத்தை விட்டு முதன்முறையாக மரங்களுக்கு நடுவே இறங்கப்போகிறார் என்று தெரிந்தால் போதும், சுற்றியிருக்கும் எல்லோரும் ஆசான்களாகிவிடுவார்கள். எல்லோரிடமும் இருப்பது ஒரே பாடம்: "மரத்தைப் பார்க்காதே, இடைவெளியைப் பார்." பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இதுதான், வெர்மான்டிலும் இதுதான், ஜப்பானின் ஹொக்கைடோவிலும் இதுதான். லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் முன்பின் அறியாதவர்கூட இதைச் சொல்லி, கையுறையோடு தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போவார். சொன்னவருக்கு வித்தையைக் கைமாற்றிவிட்ட நிறைவு. கேட்டவருக்கு இனி எல்லாம் தெரியும் என்ற தெம்பு. அந்தத் தெம்பைப் பற்றித்தான் எனக்குச் சண்டை.

அந்த வாக்கியம் பொய் என்று நான் சொல்லவில்லை. பைக் ஓட்டுகிற யாருக்கும் இது தெரியும்: சாலையில் இருக்கும் பள்ளத்தையே முறைத்துக்கொண்டு போனால் சக்கரம் நேரே அதில்தான் இறங்கும். கண் போகிற பக்கம் தோள் திரும்பும், தோள் போகிற பக்கம் உடம்பு போகும். சறுக்கிலும் அப்படியே. ஆனால் பைக் பாடத்தை நாம் யாருக்குச் சொல்கிறோம்? ஏற்கெனவே வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு. பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பவரிடம் போய் "பள்ளத்தைப் பார்க்காதே" என்று சொல்லி அனுப்புவதில்லை. மரக்காட்டின் விளிம்பில் மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

என் அண்ணன் மகன் ஒருமுறை கனடாவின் விஸ்லரில் இப்படி இறங்கியதைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய நண்பன் மேலே நின்று வழக்கமான மந்திரத்தை ஓதி அனுப்பியிருந்தான். முதல் திருப்பம் அழகாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் அகன்றது. அகன்றதால் வேகம் கூடியது. வேகம் கூடியதால் பயம் வந்தது. பயம் வந்ததும் இடுப்பு பின்னால் உட்கார்ந்துவிட்டது. பின்னால் சாய்ந்தவனுக்கு ஸ்கீயின் முன்பகுதி பிடிப்பை இழந்துவிடும், அது திரும்பாது. பையன் தலையை நிமிர்த்தி, இடது பக்கம் இருந்த அகலமான இடைவெளியைச் சிரத்தையாகப் பார்த்தபடியே வலது பக்கம் நின்ற ஒரு குட்டி ஃபிர் மரத்தின்மேல் போய்ச் சாய்ந்தான். கிளைகளில் தேங்கியிருந்த பனி மொத்தமும் அவன் சட்டைக் காலருக்குள் இறங்கியது. அடி ஒன்றும் இல்லை. நான் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் அவனே எழுந்து உட்கார்ந்து, உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னான்: "சித்தப்பா, நான் இடைவெளியத்தான் பாத்தேன்."

பார்த்தான்தான். அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்த இடம் கால். சீரான தடத்தில் எங்கே திரும்புவது என்பதை நாம் முடிவு செய்கிறோம். ஒரு திருப்பம் தாமதமானால் இரண்டு மீட்டர் தள்ளித் திரும்பிக்கொள்ளலாம், கேட்பாரில்லை. காட்டுக்குள் அந்த முடிவை மரங்கள் எடுக்கின்றன. இங்கே திரும்பு என்றால் இங்கேதான். மரங்களுக்கு இடையே ஐந்து மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு ஒரு மரத்தைக் கடந்து அடுத்த மரம் எதிரே வர ஒரு நொடிகூட ஆகாது. தடத்தில் 20 கிலோமீட்டர் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வேகம். காட்டில் அதே வேகத்தில் பார்க்கவும் தீர்மானிக்கவும் திரும்பவும் சேர்த்து உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு நொடிதான்.

ஆகவே காட்டுக்குள் போகத் தகுதி வந்துவிட்டதா என்பதைக் காட்டில் போய்ச் சோதிக்கக் கூடாது. அதற்குத் தடமே போதும். நண்பர் ஒருவர் பின்னால் வரட்டும், அவர் நினைத்த இடத்தில் "இப்போ" என்று குரல் கொடுக்கட்டும். குரல் வந்த இடத்தில் திரும்ப முடிகிறதா? இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி, இரண்டு ஸ்கீ நீளத்துக்குள் நிற்க முடிகிறதா? பெரும்பாலோருக்கு ஒரு பக்கம்தான் நன்றாக நிற்கும். மறுபக்கம் நிற்பதாக அவர்களே நம்பிக்கொண்டிருப்பார்கள். செங்குத்தான இடத்தில் ஸ்கீயைக் குறுக்கே வைத்து, விளிம்பைத் தளர்த்தித் தளர்த்தி, பக்கவாட்டிலேயே வழுக்கிக் கீழே வர முடிகிறதா? பார்ப்பதற்கு இதில் ஒரு கவர்ச்சியும் இல்லை, யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள். ஆனால் மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வெளியே வர உதவுவது இது ஒன்றுதான். பிறகு இவை அத்தனையையும் இயந்திரம் சமன் செய்யாத, தடத்தின் ஓரத்துக் கட்டிப் பனியில் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். "இடைவெளியைப் பார்" என்கிறவர்கள் இந்தப் பட்டியல் முழுவதையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு, கடைசி வரியை மட்டும் நம் கையில் கொடுக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. அந்த வாக்கியம் மரத்தண்டை மட்டுமே எதிரியாக்குகிறது. தண்டில் மோதாமல் கீழே வந்துவிட்டால் காட்டை வென்றாயிற்று என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார்.

மரத்தில் மோதிச் சாகிறவர்கள் யார் என்று பார்த்தால் இந்த நினைப்பு ஆட்டம் காணும். ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்து, பல பத்தாண்டுகள் அமெரிக்கச் சறுக்கு விபத்துகளை ஆராய்ந்த ஜாஸ்பர் ஷீலி வரைந்த சித்திரம் தெளிவானது: சராசரிக்கு மேல் திறமையுள்ள இளம் ஆண், நடுத்தரமான சீரான தடம், நல்ல வேகம், கட்டுப்பாடு தவறித் தடத்தின் ஓரத்தில் மரம். 1997 டிசம்பர் 31 அன்று கொலராடோவின் ஆஸ்பன் நகரில், அமெரிக்க அரசியல் குடும்பமான கென்னடிகளில் ஒருவரான மைக்கேல் கென்னடி இறந்தது, நன்றாகச் சறுக்கத் தெரிந்தவராக, சறுக்கிக்கொண்டே பந்து வீசி விளையாடியபோது மரத்தில் மோதி. ஐந்தே நாளில், 1998 ஜனவரி 5 அன்று, தாஹோ ஏரிக்கரையின் ஹெவன்லியில் பாடகரும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினருமான சானி போனோ மரத்தில் மோதி இறந்தார். அவரும் பல ஆண்டு பழக்கமுள்ளவர். முதன்முதலாகக் காட்டுக்குள் தயங்கித் தயங்கி இறங்கும் ஆளின் சாயல் இந்தச் சித்திரத்தில் எங்கேயும் இல்லை.

அந்த இரண்டு மரணங்களுக்குப் பிறகுதான் அமெரிக்காவில் ஹெல்மெட் பேச்சு சூடுபிடித்தது. நல்லதுதான், ஹெல்மெட் இல்லாமல் மரங்களுக்குள் போகிறவரிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் ஹெல்மெட்டை எதற்குச் சோதிக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் இ.என். 1077 தரத்தில் அதை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழவைத்துச் சோதிக்கிறார்கள், அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தரத்தில் இரண்டு மீட்டர். கணக்குப் போட்டால் மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல். 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஆறு மீட்டருக்கும் மேலிருந்து விழுவதற்குச் சமம். அதைத் தாங்குவதாக எந்த ஹெல்மெட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. மெதுவாகப் போகிறவருக்குத்தான் ஹெல்மெட் முழுப் பயன் தரும். "தயங்காதே, வேகம் இருந்தால்தான் திருப்பம் வரும்" என்று ஊக்கப்படுத்தும் நண்பர், ஹெல்மெட்டின் பாதியை அப்போதே கழற்றிவிடுகிறார்.

சரி, மெதுவாகவே போகிறோம், தண்டிலும் மோதவில்லை. அப்புறம் என்ன ஆபத்து? இங்கேதான் "மரத்தைப் பார்க்காதே" என்பது வெறும் அரைகுறை அறிவுரையாக இல்லாமல் தீங்கான அறிவுரையாக மாறுகிறது.

வாஷிங்டன் மாநிலத்திலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இருக்கும் ஊசியிலைக் காடுகளில் பனி ஆளுயரத்துக்கு மேல் சேரும். மவுண்ட் பேக்கரில் 1998–99 பருவத்தில் மட்டும் 1,140 அங்குலம், அதாவது 28 மீட்டருக்கு மேல் பனி பெய்தது உலகச் சாதனையாக நிற்கிறது. ஹெம்லாக், ஃபிர் மரங்களின் கிளைகள் தாழ்ந்து, பாவாடைபோல் விரிந்து தரையை நோக்கிச் சரிந்திருக்கும். வானத்திலிருந்து விழும் பனியை அவை தடுத்துவிடுகின்றன. சுற்றிலும் பனி மட்டம் புயலுக்குப் புயல் ஏறிக்கொண்டே போகிறது. கிளைகளுக்கு அடியில், தண்டைச் சுற்றி மட்டும் வெற்றிடமோ இறுகாத பொடியோ மிஞ்சுகிறது. ட்ரீ வெல் என்பார்கள். மரக்குழி என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் குழி தெரியாது. தாழ்ந்த கிளையும் அதன்மேல் படிந்த பனியும் அதற்கு மூடி.

நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு காரியம் செய்யலாம். நடக்கிற பாதையை ஒட்டி, சமதரையில் நிற்கும் மரமாகப் பார்த்து, துணைக்கு ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கிளை நுனிக்கு வெளியே நின்று, ஸ்கீ கோலைத் தலைகீழாகப் பிடித்துப் பனிக்குள் குத்திப் பாருங்கள். முழங்கை ஆழத்தில் கோல் தடுத்து நிற்கும். அரை மீட்டர் தள்ளி, கிளைக்கு அடியில் குத்துங்கள். இப்போது தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. கோல் முழுதாக உள்ளே போகும், கையும் தோள்வரை போகும், அதற்குமேல் குனிய உங்களுக்கே மனம் வராது. வெளியே இழுத்தால் கோல் போன ஓட்டைக்குள் சுற்றியிருந்த பொடி சரசரவென்று இறங்கி அதை அடைத்துவிடும். விழுகிற மனிதனுக்கும் அதுதான் நடக்கிறது.

பெரும்பாலும் தலைகீழாகத்தான் விழுவார்கள். ஸ்கீ கிளையில் மாட்டி மேலே நிற்கும், தலை குழிக்குள் போகும், கைகள் உடம்போடு சேர்ந்து சிக்கிக்கொள்ளும். உதறினால் கிளையிலிருக்கும் பனியும் வந்து முகத்தைச் சுற்றி இறுகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் தன்னார்வலர்களை இப்படிக் குழிக்குள் இறக்கிச் செய்துபார்த்த சோதனைகளில் 90 விழுக்காட்டினரால் தாமாக வெளியே வர முடியவில்லை. அவர்கள் பக்கத்தில் ஆள் நிற்கிறார் என்று தெரிந்து, பதற்றமில்லாமல் இறங்கியவர்கள். மூச்சுத் திணறிச் சாக, பனிச்சரிவில் புதைந்தவருக்கு ஆகும் நேரம்தான் இதற்கும்: கால் மணி நேரம் கடந்தால் நம்பிக்கை வேகமாகத் தேய்ந்துவிடும். இதற்குத் தண்டில் மோத வேண்டியதே இல்லை. வேகமும் வேண்டாம். மெதுவாகப் போய், மரத்துக்குப் பக்கத்தில் தடுமாறிச் சாய்ந்தால் போதும். யார் அப்படித் தடுமாறுவார்கள்? முதன்முறை வருகிறவர்தான். நிற்கத் தெரியாமல், களைத்துப்போய், "பிடித்துக்கொண்டு நிற்கலாம்" என்று மரத்தை ஒட்டிப் போகிறவரும் அவர்தான்.

இன்னொரு கேலிக்கூத்தையும் கவனியுங்கள். புயலடிக்கும் நாளில் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, ஏற்றமா இறக்கமா என்றே புரியாது. மரங்கள் இருந்தால்தான் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும், காற்றும் குறைவு. அதனால் புயல் நாளில்தான் எல்லோரும் காட்டுக்குள் திரும்புகிறார்கள். "புதுப் பனி, விழுந்தாலும் வலிக்காது, முதன்முறைக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது" என்று புதியவரையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மரக்குழி மரணங்கள் குவிவதும் பெரும் பனிப்பொழிவின்போதும் அதை அடுத்த நாட்களிலும்தான். விழுந்தால் வலிக்காது என்பது முழு உண்மை. வலிக்காத அந்தப் பனிதான் மூச்சை அடைக்கிறது. முதன்முறைக்கு ஏற்ற நாள், பனி பெய்து சில நாட்கள் ஆகி, தளம் இறுகி, வெயிலும் இருக்கிற, நண்பர்கள் "இன்னிக்கு ஒண்ணும் விசேஷமில்லை" என்று சலித்துக்கொள்கிற நாள். பருவத்தின் தொடக்கமும் ஆகாது. விழுந்த மரமும் அடிக்கட்டையும் ஒரு சாண் பனிக்குக் கீழே ஒளிந்திருக்கும் காலம் அது.

துணை இல்லாமல் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். துணை என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் ஏமாற்றுகிறோம். நடைமுறையில் என்ன நடக்கிறது? நான்கு பேர் சேர்ந்து காட்டுக்குள் நுழைவார்கள், கெட்டிக்காரர் முதலில் பறப்பார், புதியவர் கடைசியில் வருவார், எல்லோரும் லிஃப்ட் அடியில் சந்திப்பதாகப் பேச்சு. பத்து நிமிடம் கழித்து ஆள் வரவில்லை என்றால் "வேற பக்கமா இறங்கியிருப்பான்" என்பார்கள். காப்பி குடிக்கப் போயிருப்பான் என்றும் சொல்வார்கள். குழிக்குள் தலைகீழாகக் கிடப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் சொத்து.

கீழே நிற்கும் நண்பர் துணையே இல்லை. இடுப்பளவு பொடிப்பனியில் ஐம்பது மீட்டர் மேலேறிப் பாருங்கள். ஒரு அடி வைத்தால் முக்கால் அடி வழுக்கும், நல்ல உடல்வலு உள்ளவருக்கே மூச்சு முட்டும். உதவிக்கு வர வேண்டியவர் மேலேயோ பக்கவாட்டிலோ, கண்ணுக்கும் குரலுக்கும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, சின்னச் சின்னத் துண்டுகளாக இறங்குவது: சில திருப்பங்கள், நின்று திரும்பிப் பார்த்தல், அடுத்தவர் வந்து சேர்தல், பிறகு அடுத்த துண்டு. புதியவர் ஒருபோதும் கடைசி ஆளாக வரக் கூடாது. அவருக்குப் பின்னால் தெரிந்தவர் ஒருவர் வரவேண்டும். அந்தத் தெரிந்தவருக்கும் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். காலைப் பிடித்து இழுக்கக் கூடாது, மேலிருந்து கிளறிப் பனியைத் தள்ளிவிடவும் கூடாது. பக்கவாட்டில் தோண்டி முதலில் முகத்துக்கு வழி செய்ய வேண்டும். கழுத்தில் ஒரு விசில், கைபேசியில் மலையின் மீட்புக் குழுவான ஸ்கீ பேட்ரோலின் எண், இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு காப்பி விலை.

கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டாமல் விடுவதும் இதில் சேர்த்தி. கோல் கிளையில் மாட்டினால் கோல் போகட்டும். வார் மாட்டியிருந்தால் தோள்பட்டை போகும். குழிக்குள் விழுந்தாலோ முகத்துக்கு முன்னால் இடம் செய்துகொள்ள அந்தக் கை வேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்த கணத்தில் கிளையையோ தண்டையோ கட்டிப்பிடித்து, தலை மேலே இருக்கும்படி தொங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்று. பார்க்கவே கூடாது என்று சொல்லிக்கொடுத்த மரத்தை அந்தக் கணத்தில் எப்படிப் பிடிப்பார்?

இதைச் சொன்னால், காட்டுக்குள் ஒரே ஒரு நன்மையாவது உண்டு, பனிச்சரிவு வராது என்பார்கள். லிஃப்ட் நிறுவனங்கள் கண்காணிக்கும் எல்லைக்குள் இது ஓரளவு செல்லும். எல்லைக்கு வெளியே செல்லாது. பனிச்சரிவுப் பாதுகாப்பைக் கற்பிப்பவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் ஒரு கணக்கு உண்டு: உங்களால் வசதியாகச் சறுக்கிப் போக முடிகிற அளவுக்கு மரங்கள் விலகி நின்றால், பனியும் வசதியாகச் சரிந்து போகலாம். நாம் தேடிப்போகிற இடைவெளி எதுவோ, அதுவேதான் அதற்கும் பாதை. 2012 பிப்ரவரி 19 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் எல்லைக்கு வெளியே, மரங்களும் வெட்டவெளியும் கலந்த டனல் க்ரீக் சரிவில் 16 பேர் இறங்கினார்கள். அந்த மலையை வீட்டு முற்றமாக அறிந்தவர்களும் தொழில்முறைச் சறுக்கர்களும் அவர்களில் இருந்தார்கள். பனிச்சரிவில் சிக்கிய மூன்று பேர் திரும்பவில்லை. பனிச்சரிவு மரங்கள் உள்ள இடத்தில் வந்தால் நிலைமை மோசமாகும், மூச்சடைப்போடு மோதலும் சேர்ந்துகொள்ளும். 1984 முதல் 2005 வரை கனடாவில் நேர்ந்த பனிச்சரிவு மரணங்களை அலசிய மருத்துவ ஆய்வில் ஏறத்தாழ நான்கில் ஒன்று காயத்தால் நேர்ந்தது.

அந்த ஆபத்தைச் சொல்லித்தருவதும் மரம்தான். பனி அடிக்கடி சரியும் பாதையில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கக் கிளைகள் முறிந்துபோயிருக்கும், பள்ளத்துப் பக்கம் மட்டும் கிளை மிஞ்சியிருக்கும். கிழட்டுக் காட்டின் நடுவே ஒரே உயரத்தில் இளமரங்கள் மட்டும் பட்டையாக நின்றால், அங்கே பழைய மரங்களை ஏதோ ஒன்று வாரிக்கொண்டு போயிருக்கிறது. கிளைகள் தரையைத் தொடுகின்றனவா, தண்டு மொட்டையாக நிற்கிறதா என்று பார்த்தால் குழி இருக்குமா என்பது தெரியும். கொலராடோவின் ஸ்டீம்போட்டில் இருக்கும் ஆஸ்பன் மரத் தோப்பும் ஹொக்கைடோவின் பிர்ச் காடும் புதியவருக்கு இதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அவை இலையுதிர்த்து நிற்பவை, தாழ்ந்த கிளைப் பாவாடை கிடையாது, இரண்டு மூன்று திருப்பம் தாண்டியும் கண் ஓடும். பெரும் பனிப்பொழிவுக்குப் பிறகு அங்கேயும் குழி விழலாம், ஆனால் கடற்கரை ஹெம்லாக் காட்டோடு ஒப்பிட முடியாது. பனிக்கு மேல் ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை நுனி தெரிந்தால் கீழே ஒரு கன்று புதைந்திருக்கிறது. ஸ்கீ விளிம்பு பட்டால் அதன் உச்சி போய்விடும். ஆஸ்திரியாவின் 1975 வனச் சட்டம் மூன்று மீட்டருக்குக் குறைந்த இளங்காட்டுக்குள் யாரும் நுழையக் கூடாது என்றே தடுக்கிறது. சட்டம் கன்றைக் காக்க வந்தது. நம் முழங்காலையும் சேர்த்துக் காக்கிறது.

இத்தனையும் மரத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஓடும்போது இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஓடுவதற்கு முன்னால் நின்று, மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன மரம், கிளை எங்கே முடிகிறது, எவ்வளவு நெருக்கம், எந்த மரத்துக்கு அப்பால் போய் நிற்பேன், அங்கிருந்து தடத்துக்கு வெளியேற வழி உண்டா என்று. அது அரை நிமிடக் காரியம்.

இப்படியெல்லாம் பயமுறுத்தினால் புதியவர் விறைத்துப் போவார், விறைத்தவர்தான் மரத்தில் மோதுவார் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். பாதி சரி. விறைத்த உடம்பு திரும்பாது. ஆனால் விறைப்பது எதனால்? நிறுத்த முடியாது என்று உடம்புக்குத் தெரிந்திருப்பதனால். கால் நிற்கும் என்று தெரிந்தவருக்குப் பயத்தை மறைக்க மந்திரம் தேவைப்படாது. "நாங்களெல்லாம் இப்படித்தான் கற்றோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பது அடுத்த வாதம். ஆனவர்கள் லிஃப்டில் நம் பக்கத்தில் உட்கார்ந்து அறிவுரை சொல்ல வரமாட்டார்கள். மூன்றாவதாக ஒரு குறை சொல்வார்கள்: நின்று நின்று இறங்குவதில் என்ன சுகம்? ஓட்டமும் ஒழுக்கும்தானே காட்டின் ருசி? உண்மைதான், ருசி அதில்தான் இருக்கிறது. அது இரண்டாம் பருவத்துக்கான ருசி. முதல் நாளின் வேலை தடத்தை ஒட்டிய, மரங்களைக் கழித்து அகலப்படுத்திய ஒரு தோப்பில், எப்போது வேண்டுமானாலும் பக்கத்துத் தடத்துக்கு வெளியேறிவிடக்கூடிய இடத்தில், கால் களைக்காத காலை வேளையில் நடக்க வேண்டும். மாலையில் "கடைசியா ஒரு ரவுண்டு, காட்டுக்குள்ள போய்ட்டுப் போயிடலாம்" என்று யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. அந்த நேரத்தில் வெளிச்சம் குறைவு, கால் கனம், ஸ்கீ பேட்ரோல் ஆட்கள் தடங்களை மூடிக்கொண்டு இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

நம் நாட்டிலும் இது கேட்காத கதையில்லை. குல்மார்க்கின் கோண்டோலாவில் முதல் கட்டம் ஏறி கொங்டூரியில் இறங்கினால், அங்கிருந்து ஊர்வரை ஃபிர்ரும் பைனுமாக அடர்ந்த காடு. ஒரு வாரப் பயிற்சி முடித்த உற்சாகத்தில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போன பிள்ளைகள் அந்தக் காட்டைப் பார்த்ததும் இறங்கத் துடிப்பது இயல்பு. தாழ்ந்த கிளையுள்ள மரமும் ஆழ்ந்த பனியும் அங்கேயும் உண்டு. கூட்டிப்போகிறேன் என்று சொல்லும் வழிகாட்டியிடம் காசு பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்டுவிடுங்கள்: "பாய், முதல்ல எங்க நிப்போம்?" அவர் கைநீட்டி, கண்ணுக்குத் தெரிகிற ஒரு மரத்தைக் காட்டினால் பின்னாலேயே போகலாம். "கீழே, ஊரில்" என்று சிரித்தால், கோண்டோலாவிலேயே ஏறி இறங்கி வந்துவிடுங்கள். ஜன்னல் வழியாகக் காடு நன்றாகவே தெரியும்.